‘அந்தக் களஞ்சியம்’: நிரற் சீரமைப்புப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நூலொன்றைப் பதிப்பிக்கப் புகும் புலவர், ஏட்டிலுள்ள ஓர் எழுத்தை மாற்றுவதற்கு முன், அம்மாற்றத்தால் அச்செய்யுளின் பொருளும் அதனைச் சார்ந்த உரையும் யாதாகும் என்று பன்முறை எண்ணிப் பார்ப்பர். கணினிக்கென எழுதப்படும் நிரலும் ஒருவகை நூலே. அதனையும் பலர் எழுதுகின்றனர், பலர் திருத்துகின்றனர், எழுதியவர் அகன்ற பின்னரும் அது பயின்று வருகின்றது. ஆதலின் பழைய நிரலைச் சிறிது சிறிதாகச் சீரமைக்கும் முறையும், அங்ஙனம் செய்த திருத்தங்களை ஆராய்ந்து ஏற்கும் முறையும் தமிழ் பயிலும் நமக்கு முற்றும் புறம்பானவை அல்ல. அவற்றுள்ளும், ‘பொதுநிலை’ எனப்படும் ஒன்றனைச் சார்ந்து நிற்கும் பெருநிரலை அச்சார்பினின்று எங்ஙனம் விடுவிப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதற்குச் சான்றாகக் ‘கிட்’ என்னும் நிரலின் வரலாற்றைக் காண்பாம்.

முதற்கண் சில சொற்களைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசை. ஒரு தொழிலை மட்டும் செய்தற்கெனப் பெயரிட்டு வகுத்த கட்டளைத் தொகுதியைச் செயற்கூறு என்பர். செயற்கூற்றினை அழைக்குங்கால் அதன் கையிற் கொடுக்கப்படும் பொருள் அளவுரு. மாறி என்பது மதிப்பொன்றனை இட்டுவைக்கும் பெயருடைய கலம். ஒரு செயற்கூற்றினுள்ளே பிறந்து அதனுள்ளேயே மறையும் மாறியும் உண்டு. நிரல் முழுவதற்கும் பொதுவாய் நின்று, எந்தச் செயற்கூறும் படிக்கவும் மாற்றவும் இடந்தரும் மாறியும் உண்டு. பின்னையது பொதுமாறி. பொதுமாறிகள் எல்லாம் ஒரு நேரத்திற் கொண்டிருக்கும் மதிப்புக்களின் தொகுதியைப் பொதுநிலை என்று வழங்குவாம்.

மாணவர் விடுதியின் சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குவதாகக் கொள்வோம். இன்று உண்போர் இத்தனை பேர் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அரிசி களைபவரும் அதனைப் பார்ப்பார். காய் நறுக்குபவரும் அதனைப் பார்ப்பார். ஒருவரும் மற்றவரிடம் வாய் திறந்து கேட்பதில்லை. ஒரே விடுதிக்குச் சமைக்கும்வரை இஃது எளிய முறையே. பக்கத்து விடுதிக்கும் அதே அடுப்பிற் சமைக்க நேர்ந்தால், ஒருவர் பலகையை அழித்து இரண்டாம் விடுதியின் எண்ணை எழுதுவார். பாதி வேலையில் நிற்கும் அரிசிக்காரர் அப்போது திரும்பிப் பார்த்தால் எந்த எண்ணைக் காண்பார்? பலகையில் எழுதியது பொய்யன்று. அஃது எவ்விடுதிக்குரிய எண் என்பதுதான் பலகையில் இல்லை.

தமிழர் இக்குறையைக் கணினியில் நெடுங்காலம் பட்டறிந்தவர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் 256 இடங்களுக்குள் நம் எழுத்துக்களைத் தன்தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டன. கோப்பினுள் இருந்தது ஓர் எண் மட்டுமே. அவ்வெண் ககரமா மகரமா என்பதைத் தீர்மானித்தது கோப்புக்குப் புறத்தே, அவ்வியந்திரத்தில் அப்போது தெரிந்தெடுக்கப்பட்டிருந்த எழுத்துரு. ஓரிடத்தில் தெளிந்த தமிழாய்க் கிடந்த கடிதம் மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது இதனாலேதான். 1999-ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு இவ்வேற்றுமைகளைக் குறைக்க ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு தரங்களை வகுத்தது. எனினும் எண்ணின் பொருள் எழுத்துருவையே சார்ந்து நின்றது. யூனிகோடிலோ ககரத்தின் எண் ககரத்திற்கே உரியது, வேறெதற்கும் ஆகாது. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றிருந்தும், தமிழ்நாட்டரசு அதனைத் தன் தரமாக ஏற்றது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் இதழ்களும் நிறுவனங்களும் தத்தம் பழைய கோப்புக்களை மாற்றி நிரல்களின் துணைகொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதிக்கொண்டன. புறத்தே நின்ற செய்தியைப் பொருளோடே சேர்த்து அனுப்புதல் என்னும் இதுவே, நாம் மேலே கூறப்போகும் சீரமைப்பின் உட்பொருளுமாம்.

பொதுமாறிகள் தீங்கு பயப்பன என்று வில்லியம் உல்ஃப், மேரி ஷா என்னும் இருவர் 1973-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வரைந்தனர். அதன்பின் நிரல் எழுதுவோர் இதனை அறியாதாரில்லை. அறிந்தும் ஏன் அவற்றை எழுதுகின்றனர் எனின், சோம்பலால் என்பது எளிதிற் கூறும் விடை. அது முழுதும் சரியன்று. கிட்டின் வரலாறு வேறு விடை கூறுகின்றது.

லினக்ஸ் என்னும் இயக்கு நிரலை ஆக்குவோர் தம் திருத்தங்களைப் பதிந்து காக்கப் ‘பிட்கீப்பர்’ என்னும் ஒரு கருவியைக் கையாண்டு வந்தனர். அதனை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை 2005-ஆம் ஆண்டில் நீங்கவே, லைனஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் கிட்டினை எழுதத் தொடங்கினார். ஜூலைத் திங்களில் அதன் பொறுப்பு ஜூனியோ ஹமானோ என்பார் கைக்கு வந்தது. ஒரு நூல் தோன்றிய நாள்தொட்டு அது பெற்ற ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயரோடும் காரணத்தோடும் பதிந்து வைப்பது கிட்டின் தொழில். அப்பதிவுகள் எல்லாம் அடங்கிய இடம் களஞ்சியம் எனப்படும். தொடக்கத்தில் கிட்டின் கட்டளை ஒவ்வொன்றும் குறுகிய வாழ்நாள் உடையது: எழும், தான் நிற்கும் ஒரே களஞ்சியத்தில் தன் வேலையைச் செய்யும், மடியும். அது மடிந்தவுடன் அதன் நினைவகத்தை இயக்கு நிரல் துடைத்துவிடும். ஒரே விடுதிக்குச் சமைக்கும் அடுப்பிற்குப் பலகை ஒன்று போதாதா? அக்காலத்து அவர் பொதுமாறிகளை எழுதியது குற்றமன்று என்பதே நம் கருத்து. பின்னர்ச் சூழல் மாறியது. நிரல் மாறாது நின்றது.

இவ்வரலாற்றை நாம் படித்த இடம் பழனிமலைத் தொடரில் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி. 1984-இல் நிறுவப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தால் அவ்வூர்ப் பெயர் பலர்க்கும் தெரிந்ததே. விடுமுறையில் நம் வகுப்பினர் சிலரும் கணினித்துறை நண்பர் இருவரும் அங்குத் தங்கியிருந்தபோது, பனிமூட்டம் இறங்கிய நாட்களில் இணையத் தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தது. அஃது இப்படிப்பிற்குத் தடையாகவில்லை. கிட்டின் களஞ்சியத்தை ஒருமுறை படியெடுத்துக்கொண்டால், 2005 தொடங்கிய அதன் வரலாறு முழுவதும் நம் கணினியிலேயே வந்து தங்கிவிடும்; தொடர்பு சிறிதும் இன்றி ஒவ்வொரு பதிவையும் முன்னும் பின்னும் புரட்டலாம். கிட்டினை ஆக்கியோர் கிட்டினையும் கிட்டிலேயே காத்து வருகின்றனர். ஆதலால் அவர்கள் தம் வீட்டைத் திருத்திய வரலாறும் அதனுள்ளேயே கிடைக்கின்றது.

அந்நிரலின் நடுவே நிற்கும் பொதுமாறியின் பெயர் ‘தி_ரெப்பாசிட்டரி’ என்பது. ‘அந்தக் களஞ்சியம்’ என்று நாம் மொழிபெயர்க்கலாம். இப்பெயர் நம்மைச் சிறிது நிற்கச் செய்தது. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரு வினைகொண்டு முடியுமிடத்துச் சுட்டுப்பெயரை முற்படக் கூறலாகாது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதிக்கின்றது. செய்யுளில் மட்டும் அது முற்பட்டு வரலாம். சாத்தன் வந்தான், அவன் உண்டான் எனல் வேண்டும். பெயர் கூறாது ‘அவன்’ எனத் தொடங்கினால் கேட்போன் யாவன் என்று மயங்குவான். கிட்டின் செயற்கூறுகளோ பெயர் கூறாமலே சுட்டின. ‘அந்தக் களஞ்சியத்திலிருந்து இப்பதிவை எடு’ என்று அவை கூறுங்கால், எந்தக் களஞ்சியம் என்பது அவற்றின் கையிற் கொடுக்கப்படவில்லை. உலகில் ஒரு சாத்தனே இருக்கும்வரை இம்மயக்கம் வெளிப்படாது.

இரண்டாம் சாத்தன் வந்தது துணைக்களஞ்சியங்களால். ஒரு களஞ்சியத்தினுள் மற்றொரு களஞ்சியத்தை அடக்கிவைக்கும் வழக்கம் பெருகியபின், ஒரே கட்டளை இரண்டிலும் தேட வேண்டியதாயிற்று. பொதுமாறி ஒன்றே இருந்தமையால், உட்களஞ்சியத்திற்கென வேறொரு கிட்டினைப் புதிதாக எழுப்பி அதன் விடையைக் கேட்டு வாங்கினர். இது பக்கத்து விடுதிக்கென ஒவ்வொரு வேளையும் ஒரு புது அடுப்பைக் கட்டி இடிப்பதை ஒக்கும். இத்தொல்லையை நீக்கப் பிராண்டன் வில்லியம்ஸ் 2017-இல் களஞ்சியத்தைப் பற்றிய செய்திகளை ஒரு தொகுப்புருவில் திரட்டினார். அங்குமிங்கும் சிதறிக் கிடந்த பொதுமாறிகள் ஒரு பைக்குள் வந்தன. அப்பைக்கு இட்ட பெயரே ‘அந்தக் களஞ்சியம்’. பொதுமாறி இன்னும் நீங்கவில்லை. ஆனால் பலவாய் இருந்தது ஒன்றாயிற்று. ஒன்றானதைக் கையிற் கொடுத்து அனுப்பலாம். அவ்வாண்டிலேயே கோப்புக்களின் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு கட்டளை, புது அடுப்பு இன்றியே துணைக்களஞ்சியத்தினுள் நுழைந்து வரக் கற்றது.

இதனை ஒரே நாளில் எங்கும் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அட்டுவம்பட்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் படிப்படியாய் அமைந்த நிலங்களைக் காண்கின்றோம். ஒரு படியின் கற்சுவர் தளர்ந்தால் அப்படியைப் பெயர்த்து அடுக்குவர். மேற்படியில் கேரட்டும் கீழ்ப்படியில் பூண்டும் நின்றுகொண்டே இருக்கும். சரிவு முழுவதையும் ஒருங்கே பெயர்த்தால் ஒரு மழை போதும். நிரலிலும் அவ்வாறே. பல்லாயிரம் வரிகளை ஒரு திருத்தமாக மாற்றினால் அதனைப் படித்து ஆராயவல்லார் ஒருவரும் இலர். அதே வரிகளில் வேறு பணி செய்துகொண்டிருப்போர் அனைவரும் இடர்ப்படுவர். இன்னும் ஒன்று. பிழையொன்று புகுந்தது எப்பதிவில் எனக் கண்டறிய, வரலாற்றை இரண்டாய்ப் பிளந்து, பிழை எப்பாதியில் உளதென்று சோதித்து, அப்பாதியை மீண்டும் பிளக்கும் ஒரு வழி கிட்டில் உண்டு. 1,000 பதிவுகளுள் குற்றமுடைய ஒன்றைப் பத்துச் சோதனைகளிற் பிடித்துவிடலாம். ஆயின் ஒவ்வொரு பதிவிலும் நிரல் தானே நின்று இயங்குவதாய் இருந்தால்தான் இவ்வழி பயன்படும். இடைநிலையில் உடைந்து கிடக்கும் திருத்தங்களை ஆராய்வோர் மறுப்பது இதனாலேயே, பிடிவாதத்தால் அன்று.

இனி, திருத்தங்களை ஆராயும் முறைக்கு வருவாம். அம்பலத்தான் என்னும் செயற்கூறு கண்ணனை அழைக்கின்றது. கண்ணன் முருகனை அழைக்கின்றது. முருகன் ‘அந்தக் களஞ்சியத்தை’ நேரே தொடுகின்றது என்க. முதல் திருத்தத்தில் முருகனுக்கு ஓர் அளவுரு கொடுக்கப்படுகின்றது; இனிக் கண்ணன் அழைக்கும்போது அவனே ‘அந்தக் களஞ்சியத்தை’ எடுத்து முருகன் கையிற் கொடுப்பான். பொதுமாறி நீங்கவில்லையே, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்ந்தது அவ்வளவுதானே என்று புதியவர் வினவுவர். வினா நியாயமானது. எனினும் முருகன் தூய்மையுற்றான். அவனை இனி எக்களஞ்சியத்திற்கும் ஏவலாம். அடுத்த திருத்தத்தில் கண்ணன், அதற்கடுத்ததில் அம்பலத்தான் என்று அச்சார்பு மேல்நோக்கி ஏறி, கட்டளையின் தலைவாயிலிற் போய் நிற்கும். அங்கு ஒருமுறை மட்டும் இக்களஞ்சியம் என்று கூறினால் போதும்.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. முருகனுக்கு அளவுரு கொடுத்தாயிற்று; ஆயின் முருகன் தன்னுள்ளே வேலனை அழைக்கின்றான்; வேலன் இன்னும் பொதுமாறியையே தொடுகின்றான். இப்போது முருகனின் தலைப்பில், நீ தரும் களஞ்சியத்தில் வேலை செய்வேன் என்னும் வாக்குறுதி இருக்கின்றது. உள்ளே பாதி வேலை வேறு களஞ்சியத்தில் நடக்கின்றது. அளவுரு இல்லாத பழைய முருகனாவது பொய் கூறவில்லை. அளவுரு பெற்றும் அதன்படி நில்லாத முருகன், படிப்போரை ஏமாற்றுவான்.

இதன் கேடு சிறிதன்று. கிட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்தினின்று கணித்த ஒரு நெடும்பெயர் உண்டு. பழைய ‘ஷா-1’ முறையில் அது 40 குறிகள் உடையது. 2020 அக்டோபரில் வந்த 2.29-ஆம் பதிப்பு முதல் கையாளக்கூடிய ‘ஷா-256’ முறையில் 64 குறிகள். எம்முறை என்பதும் களஞ்சியத்தைச் சார்ந்த செய்தியே. கையிற் கொடுத்தது 64 குறிக் களஞ்சியமாயிருக்க, உள்ளிருக்கும் வேலன் பொதுமாறியைப் பார்த்து 40 என்று கொண்டால், பெயரின் பாதியைத் தின்றுவிட்டு மீதியை வேறொன்றாகப் படிப்பான். சோதனைகள் இதனைக் காட்டாவோ எனின், பெரும்பாலும் காட்டா. சோதனையில் நிற்பது பெரும்பாலும் ஒரே களஞ்சியம். அங்குக் கையிற் கொடுத்ததும் பொதுமாறி சுட்டியதும் ஒன்றே. எல்லாச் சோதனையும் வெற்றி என்று வரும். பொய் வெளிப்படுவது இரண்டு களஞ்சியங்கள் ஒருங்கே திறக்கும் நாளில், பயன்படுத்துவோன் ஒருவனுடைய மேசையில். ஆதலின் இங்குக் காவல் நிற்பது படிப்போரின் கண்ணே. வேறு துணை அரிது.

2018-இல் இதற்கென அவர் கையாண்ட ஒரு சூழ்ச்சி மிக நயமானது. ஸ்டெஃபான் பெல்லரும் அவரோடொத்தாரும் பொருட்களஞ்சியப் பகுதியைத் திருத்தியபோது, செயற்கூற்றுக்கு அளவுருவைச் சேர்த்தனர். ஆயின் அதன் உட்பகுதி இன்னும் தூய்மையடையவில்லை. அந்நிலையில், அளவுருவின் பெயரைச் செயற்கூற்றின் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாகப் புணர்த்தும் ஒரு மேக்ரோவை இடையில் வைத்தனர். நிலைமொழி செயற்கூற்றின் பெயர்; வருமொழி அளவுருவாக எழுதிய சொல். வருமொழி ‘தி_ரெப்பாசிட்டரி’ ஆயின், புணர்ந்து வரும் பெயருடைய செயற்கூறு ஒன்று உண்மையாகவே இருக்கும், நிரல் தொகுக்கப்படும். வேறெச்சொல் வந்தாலும் அங்ஙனம் புணர்ந்த பெயருடைய செயற்கூறு இல்லையாதலின், தொகுப்பி அங்கேயே மறுத்து நின்றுவிடும். எனவே வாக்குறுதியை நிறைவேற்ற இயலாத காலத்தில், நிறைவேற்ற வேண்டிய தேவை எழாதபடியும் காத்துக்கொண்டனர். உட்பகுதி முற்றும் தூய்மையடைந்த பின், ஒரு சிறு பதிவில் அம்மேக்ரோவை நீக்கி, எக்களஞ்சியமும் இனி வரலாம் என்று கதவைத் திறந்தனர். பதிவின் விளக்கவுரையிலும், இத்திருத்தம் தலைப்பை மட்டும் மாற்றுகின்றது, உள்ளே இன்னும் பிற களஞ்சியங்களைக் கையாளாது என்று வெளிப்படையாகவே எழுதினர். ஆராய்வோர் கண்ணால் காக்க வேண்டியதைத் தொகுப்பியின் தலையில் ஏற்றிய இவ்வுத்தியே, நாம் படித்தவற்றுள் எல்லாம் நம்மை மிகவும் கவர்ந்தது.

மற்றொரு வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது. அடுத்த பதிவிற்கெனச் சேர்த்து வைப்பவற்றின் அட்டவணைக்குக் கிட்டில் ‘தி_இண்டெக்ஸ்’ என்னும் பொதுமாறி இருந்தது. 2007-இலேயே அட்டவணைச் செய்திகளைத் தொகுப்புருவாக்கி, பழைய பெயர்களும் தொடர்ந்து வழங்குமாறு சில மேக்ரோக்களை வைத்தனர். ‘இப்பழைய பெயர்கள் எமக்கு வேண்டா’ என்று விரும்பிய கோப்பு தன் தலையில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலான கோப்புக்கள் எழுதிக்கொள்ளவில்லை. 2019 ஜனவரியில் இவ்வழக்கைத் தலைகீழாக்கினர்: வேண்டா என்போர் எழுத வேண்டுவதில்லை, வேண்டும் என்போரே எழுதுக என்றனர். அன்று நிரலின் நடையில் யாதொரு மாறுதலும் இல்லை. ஆயினும் அன்றுமுதல் ஒவ்வொரு கோப்பின் சார்பும் அதன் நெற்றியில் எழுதப்பட்டது. புதிதாகப் பிறக்கும் கோப்பு தூயதாகவே பிறந்தது. எஞ்சியவற்றை எண்ணிக் குறைக்க வழி ஏற்பட்டது. 2024-இல் ‘தி_இண்டெக்ஸ்’ முற்றும் நீங்கியது. தொகுப்புரு பிறந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டு ஜூனில் பாட்ரிக் ஸ்டைன்ஹார்ட் அதே முறையை ‘அந்தக் களஞ்சியத்திற்கும்’ ஏற்றினார். ‘யூஸ்_தி_ரெப்பாசிட்டரி_வேரியபிள்’ என்று நெற்றியில் எழுதிய கோப்புக்கே இனி அப்பொதுமாறி கண்ணுக்குத் தெரியும்.

நிற்க. இவ்வளவும் சொல்லுக்குச் சொல் மாற்றும் இயந்திர வேலை என்று கருதுவோர்க்கு 2024-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று விடை கூறும். கட்டளைகளின் தலைவாயிற் செயற்கூறுகள் எல்லாவற்றிற்கும் அவ்வாண்டு களஞ்சிய அளவுரு கொடுக்கப்பட்டது. உடனே, உள்ளே ‘அந்தக் களஞ்சியம்’ என்று வருமிடமெல்லாம் அளவுருவின் பெயரை இட்டுவிடலாமே என்று தோன்றும். ஆயின் சில கட்டளைகளைக் களஞ்சியத்திற்கு வெளியே நின்றும் ஏவலாம். உதவிக் குறிப்பு மட்டும் கேட்போர் எங்கு நின்றும் கேட்கலாம். அப்போது அளவுருவாக வருவது வெறுமை. பழைய பொதுமாறி எப்பொழுதும் ஏதோ ஒன்றைச் சுட்டிக்கொண்டிருந்தது. அதிற் களஞ்சியம் இல்லாவிடினும் தொடுவதற்கு ஒரு பை இருந்தது. புதிய அளவுருவில் பையே இல்லை. தொட்டால் நிரல் வீழும். உதவி கேட்டவனுக்கு வீழ்ச்சி கிடைக்கும். ஆகவே அமைப்புக்களைப் படிக்கும் செயற்கூறு, களஞ்சியம் வெறுமையாக வந்தாலும் பொதுவான அமைப்புக்களை மட்டும் படித்து நிற்குமாறு 2025-இல் திருத்தப்பட்டது. இங்குப் பொதுமாறி ஓர் உண்மையை மறைத்து வைத்திருந்தது காண்க. களஞ்சியம் இல்லாத நிலையும் ஒரு நிலையே. அந்நிலையில் என் செய்வது என்னும் வினாவை இருபதாண்டு காலம் ஒருவரும் முகம் பார்த்துக் கேட்க நேரவில்லை.

காலமும் ஆராயத் தக்கது. பயனர் அமைத்த விருப்பங்கள் முன்பு கட்டளை எழும்போதே படிக்கப்பட்டுப் பொதுமாறிகளில் தங்கின. விருப்பத்தில் தவறான சொல் இருந்தால் தொடக்கத்திலேயே கட்டளை மறுத்துவிடும். அவற்றைக் களஞ்சியத் தொகுப்புருவினுள் வைத்து, தேவைப்படும்போது படிக்கலாம் என்று மாற்றினால், அதே மறுப்பு பாதி வேலை முடிந்த பின் வரக்கூடும். விடை ஒன்றே, வரும் வேளை வேறு. பாதி எழுதிய கோப்பை விட்டுவிட்டு நிற்கும் நிரலுக்கும், எழுதத் தொடங்குமுன் நிற்கும் நிரலுக்கும் உள்ள வேற்றுமை, அதனை நம்பி உழைப்பவர்க்கே தெரியும். எனவே ‘நடத்தையில் மாற்றமில்லை’ என்று விளக்கவுரையில் எழுதியிருப்பதைக் கண்டால், ஆராய்வோர் அச்சொற்றொடரை நம்பாது, எப்போது படிக்கின்றது, எத்தனை முறை படிக்கின்றது, தவறினால் எங்கு நிற்கின்றது என்று வினவல் வேண்டும்.

ஒரு பதிவில் ஒரு பொருளே இருத்தல் வேண்டும் என்பது யாவரும் கூறுவதே, விரித்துரைக்க வேண்டுவதில்லை. அளவுரு சேர்க்கும் பதிவில் வரிகளின் இடைவெளியையும் ஒழுங்குசெய்து வைப்போர், ஆராய்வோர் கண்ணில் மண் தூவுகின்றனர் என்று மட்டும் சொல்லி அமைவாம்.

இச்சீரமைப்பை எதிர்த்துக் கூறுவன சிலவும் உண்டு. அவை முழுதும் தள்ளத் தக்கன அல்ல. பத்துச் செயற்கூறுகள் வழியாக ஓர் அளவுருவைக் கைமாற்றிக்கொண்டே செல்வது, பத்து வாயிலிலும் ஒரே சீட்டைக் காட்டுவது போன்ற அலுப்பைத் தரும். இடையிலுள்ள எட்டுப் பேர்க்கு அச்சீட்டு வேண்டுவதே இல்லை. பழைய பதிப்புக்களுக்குப் பிழை திருத்தம் கொண்டுசெல்வோர்க்கு, தலைப்பு மாறிய செயற்கூறுகள் ஒவ்வொன்றும் தடையாகும். இவற்றினும் பெரிதாக நாம் கருதுவது வேறொன்று. பொதுமாறி எதைக் கண்டாலும் அதனைக் களஞ்சியத் தொகுப்புருவினுள் போட்டுவிடுவது எளிது. அங்ஙனம் செய்தால், நாளடைவில் எல்லாரும் எல்லாவற்றையும் எடுக்கக்கூடிய ஒரு பெரும்பையே மிஞ்சும். பலகை சுவரிலிருந்து இறங்கி ஒவ்வொருவர் கையிலும் சென்றதேயன்றி, அதில் எழுதியது யாருக்கு வேண்டும், யார் எழுதலாம் என்னும் வரையறை பிறக்கவில்லை. ஒரு செயற்கூற்றுக்கு நெடும்பெயரின் நீளம் மட்டுமே வேண்டுமாயின், அம்முறையை மட்டும் கொடுத்தல் தகும். களஞ்சியம் முழுவதையும் கொடுத்தல் மிகை. ‘இது பொதுமாறியா?’ என்பதோடு ‘இதனை உடையவர் யார்?’ என்றும் ஆராய்வோர் கேட்டல் வேண்டும் என்பது நம் துணிபு. சில செய்திகள் உண்மையிலேயே கட்டளை முழுவதற்கும் ஒன்றாய் உள்ளவை. அவற்றைக் களஞ்சியத்தின் தலையில் ஏற்றுவது, பொதுவாய் விட்டுவைப்பதினும் தவறு.

2025-ஆம் ஆண்டிலும் இப்பணி முடிந்தபாடில்லை. அவ்வாண்டு கூகிள் நிறுவனத்தார் நடத்திய கோடைக்காலத் திட்டத்தில், கிட்டினை ஆக்குவோர் அறிவித்த பணிகளுள் பொதுநிலையைக் குறைத்தலும் ஒன்றாய் இருந்தது. சி மொழியைச் சிறிது பயின்றவர் எவரும் இதனைத் தம் கணினியிலேயே செய்து பார்க்கலாம். களஞ்சியத்தைப் படியெடுத்துக்கொண்டு, நெற்றியில் அவ்வொரு வரி எழுதிய கோப்புக்களைத் தேடினால் பட்டியல் கிடைக்கும். அவற்றுள் சிறியதொன்றைத் தெரிந்து, அவ்வரியை மட்டும் அழித்துவிட்டு நிரலைத் தொகுத்தல் வேண்டும். தொகுப்பி எவ்வெவ்வரியில் மறுக்கின்றதோ, அவ்வவ்வரியில் ஒரு சுட்டு, பெயரின்றி நிற்கின்றது.